சின்னப்பம்பட்டி நடராஜனும் எங்கள் ‘மேட்டூர் வீடு’ குழுவும்

ஞாயிறு, மாலை 6:40

சரவணன் மாமா: [படம்]
சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் நடராஜனைக் குதிரை பூட்டிய சாரட்டில் ஊர்வலமாகக் கூட்டி வந்த படம். ஒரே ராத்திரியில் உச்சிக்குப் போன நம்ம சேலத்துப் பையன். கவின், நல்லா பார்த்துக்கோ. அடுத்தது நீதான் 🔥🔥

அம்மா: சரவணா, நீ வேற ஏத்தி விடாதே. பொதுத்தேர்வு வருகிறது என்ற நினைப்பே இல்லை. சாயங்காலம் ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். நேற்று ஓவர் மேல் ஓவராகப் போட்டுவிட்டு வந்து ராத்திரி முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தாத்தா: யார் இது. நம்ம பக்கத்துப் பையனா

லதா பெரியம்மா: ஆமாங்கப்பா. அவங்க அம்மா ரோட்டோரம் கோழிக்கறி கடை போட்டிருந்தாங்கன்னு பேப்பரில் எல்லாம் வந்ததே, அந்தப் பையன்.

மூர்த்தி மாமா: ஒரே ராத்திரியா? சரவணா, அந்த ராத்திரி ஆறு வருஷம் நீளம்.

சரவணன் மாமா: வந்துட்டாருய்யா அம்பயர் 😄 சொல்லுங்கண்ணா.

மூர்த்தி மாமா: 2015 ஜனவரி, கொல்கத்தா ஈடன் கார்டன். பெங்காலுக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்கு அவர் ஆடிய முதல் ஆட்டம். இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்து மட்டுமே போட்டவர், சென்னைக்கு வந்து கிளப் லீக்கில் நான்காம் டிவிஷனில் ஆரம்பித்து அங்கே போய் நிற்கிறார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு என்ன வந்தது தெரியுமா? பந்தை எறிகிறார் என்று புகார்.

கவின்: சக்கிங்கா மாமா?? நடராஜனா??

மூர்த்தி மாமா: அவரேதான். கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடுகிற வரைக்கும் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. வளைந்த கையோடு போட்டால்கூடத் தப்பில்லை, வளைந்த கை நிமிர்வதுதான் தப்பு. டென்னிஸ் பந்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பந்து லேசு, கையைச் சுண்டினால்தான் வேகம் வரும். அந்தப் பழக்கம் லெதர் பந்துக்கு வந்த பிறகும் பலருக்கு விடுவதில்லை. கவின், உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கவின்: என் கை நேராத்தாங்க மாமா இருக்கு.

மூர்த்தி மாமா: பார்ப்போம்.

லதா பெரியம்மா: அப்புறம் எப்படி விட்டாங்க அவரை?

மூர்த்தி மாமா: விடவில்லை லதா. ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு வந்தார். சொல்வதற்கு ஒரு வரிதான். நான் டிவிஷன் ஆட்டங்களில் நின்று பார்த்திருக்கிறேன். ஆக்‌ஷனை மாற்றும் பையனுக்கு முதலில் போவது லைன், அடுத்தது வேகம். போன மாதம் ஸ்டம்பைப் பெயர்த்தவன் இந்த மாதம் ஓவருக்கு மூன்று வைடு போடுவான். கேப்டன் பந்தைக் கொடுக்க மாட்டான். பாதிப் பேர் அதோடு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். நடராஜன் கூட சுனில் சுப்ரமணியன், டி. வாசு, எம். வெங்கட்ரமணா மாதிரி பயிற்சியாளர்கள் நின்றார்கள். ஊரிலிருந்து சென்னைக்குக் கூட்டி வந்த ஜெயப்பிரகாஷ் இருந்தார். பிற்பாடு ஐபிஎல் சட்டையில் ‘ஜேபி நட்டு’ என்று போட்டுக்கொண்டாரே, அந்த ஜேபி இவர்தான்.

கவின்: அது இனிஷியல்னு நினைச்சிட்டிருந்தேன் 🙈

மாலை 7:15

சரவணன் மாமா: சரி, டிஎன்பிஎல்லில், அதான் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், சமனான ஆட்டத்துக்கு சூப்பர் ஓவர் போட்டு, காலடியில் விழுகிற யார்க்கராக இறக்கினாரே, அது 2016. அடுத்த வருஷமே ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம்! அது ஒரே ராத்திரி இல்லாமல் என்ன அண்ணா?

மூர்த்தி மாமா: அந்த வருஷம் எத்தனை விக்கெட்?

சரவணன் மாமா: …

மூர்த்தி மாமா: ஆறு ஆட்டம், 2 விக்கெட். 2018-இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. அந்த வருஷமும் ஆடவில்லை, 2019-லும் ஒரு ஆட்டம்கூட இல்லை.

அம்மா: 3 கோடியிலிருந்து 40 லட்சமா!

சரவணன் மாமா: அக்கா, 40 லட்சம் என்ன சும்மாவா 😂

அம்மா: காசைச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஆடாமல் உட்கார்ந்திருப்பதைச் சொல்கிறேன். வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள்.

மூர்த்தி மாமா: செல்வி கேட்டதுதான் கேள்வி. அந்த இரண்டு வருஷத்தை எந்த ஃபார்வர்டிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். டிவியில் தெரிந்தது 2020 துபாய், அபுதாபி ஐபிஎல்தான். 16 ஆட்டம், 16 விக்கெட்.

தாத்தா: டிவில்லியர்ஸ் அவுட்டானதை நான் பார்த்தேன். காலுக்கடியில் போச்சு பந்து. அந்த ஆளு பேட்டை இறக்கவே இல்லை

கவின்: எலிமினேட்டர் தாத்தா 🔥 ஐம்பது அடிச்சு செட் ஆகி நின்னப்போ போட்டது.

பிரியா அக்கா: அந்தச் சமயத்தில்தானே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது? அப்படியே ஆஸ்திரேலியா போய்விட்டார். குழந்தையை ஜனவரியில் ஊருக்கு வந்த பிறகுதான் பார்த்தார் என்று படித்தேன்.

லதா பெரியம்மா: பச்சை உடம்புக்காரி பாவம். அவளுக்கு ஒரு சாரட்டு விட்டிருக்கணும்.

அம்மா: 👏👏👏

மூர்த்தி மாமா: போனது வலைப் பயிற்சியில் பந்து போடும் நெட் பவுலராக. வந்தது மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டு. டிசம்பர் 2 ஒருநாள், டிசம்பர் 4 டி20, இரண்டும் கான்பெராவில். ஜனவரி 15 பிரிஸ்பேன் காபா மைதானத்தில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். பும்ரா, அஸ்வின் எல்லாம் அடிபட்டதால் கிடைத்த இடம், அதையும் சொல்லத்தான் வேண்டும். காபாவில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட், அதில் சதம் அடித்த லபுஷேன் ஒருத்தர்.

சரவணன் மாமா: வாஷிங்டன் சுந்தரும் அன்றைக்குத்தான் டெஸ்டில் இறங்கினார். நம்ம ஆட்கள் ரெண்டு பேர் ஒரே நாளில் 💪

கவின்: மாமா, அவர் போட்டதிலேயே பெஸ்ட் ஓவர் எது? காபாவா?

மூர்த்தி மாமா: என்னைக் கேட்டால் புனே. 2021 மார்ச் 28, இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் ஆட்டம். கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். சாம் கரண் அன்றைக்கு எதைப் போட்டாலும் அடித்துக்கொண்டிருந்தார். தொடரே அந்த ஓவரில் இருக்கிறது. முதல் பந்தில் மார்க் வுட் ரன் அவுட். ஓவர் முடியும்போது கொடுத்தது 6 ரன். கரண் 95 அடித்து நின்றபடியே தோற்றார், இந்தியா 7 ரன்னில் வென்றது. விக்கெட் கணக்கில் அந்த ஓவர் வராது. ஆனால் பனி இறங்கிய ராத்திரியில், வழுக்குகிற பந்தை வைத்துக்கொண்டு, அடிப்பவனுக்கு அடியில் இடம் கொடுக்காமல் போடுவது சின்ன விஷயம் இல்லை. டென்னிஸ் பந்தில் ராப்பகலாகப் பழகியது அங்கேதான் கை கொடுத்தது.

தாத்தா: இப்ப ஏன் டீமில் காணோம்

மூர்த்தி மாமா: இந்தியாவுக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம் அதுதாங்கப்பா.

தாத்தா: என்னது

சரவணன் மாமா: எல்லாம் அரசியல்ப்பா. நம்ம ஊர்க்காரன் என்றால் ஒரு கண்ணு.

மூர்த்தி மாமா: அப்படி ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. அடுத்த மாதமே முட்டியில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் கொரோனா. 2022-இல் அர்ஷ்தீப் வந்துவிட்டார், அவரும் இடது கை, அவரும் யார்க்கர். வரிசை நகர்ந்துவிட்டது. ஆனால் 2024 ஐபிஎல்லில் 14 ஆட்டத்தில் 19 விக்கெட் எடுத்தும் அந்த வருஷ உலகக் கோப்பைக்குக் கூப்பிடவில்லை. அதில் எனக்கும் ஆதங்கம் உண்டு. அதற்கடுத்த வருஷம் டெல்லி 10.75 கோடி கொடுத்து எடுத்தது, ஆடவிட்டது இரண்டே ஆட்டம்.

லதா பெரியம்மா: காசு கொடுத்து வாங்கி உட்கார வைப்பாங்களா? என்ன கணக்கோ.

இரவு 8:05

பிரியா அக்கா: கவின், உனக்கு எந்த முட்டி வலி? இடதா?

கவின்: ஆமாக்கா. எப்படித் தெரியும்?

பிரியா அக்கா: நீ வலது கை பவுலர். கிரீஸில் ஊன்றுவது இடது கால். ஒவ்வொரு பந்துக்கும் உன் எடையைப் போலப் பல மடங்கு அதில்தான் இறங்குகிறது. யார்க்கருக்காக முழு வேகத்தில் ஓடி வந்து காலை விறைப்பாக ஊன்றினால் கேட்கவே வேண்டாம். அதுவும் மண் தரையில், சாதாரண ஷூவோடு. முட்டிச் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினால் வலிக்கிறதா?

கவின்: லேசா…

அம்மா: லேசாவா? நேற்று மாடிப்படி இறங்க முடியவில்லை என்றாயே!

பிரியா அக்கா: சித்தி, பயப்பட வேண்டாம். இந்த வயதில் நிறையப் பேருக்கு வருவதுதான். ஆனால் பந்து போடுவதை நிறுத்து. ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தொடைக்கு என்ன பயிற்சி என்று நான் அனுப்புகிறேன். அதற்கப்புறம் ஒரு நாளைக்கு எத்தனை பந்து என்று எழுதி வைக்கணும். பெரிய ஆட்களே எண்ணித்தான் போடுகிறார்கள்.

மூர்த்தி மாமா: அப்படியே பக்கத்திலிருந்து ஒன்று, நேரே எதிரிலிருந்து ஒன்று, ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் அனுப்பு. கையைப் பார்க்கணும். பரீட்சை முடியட்டும், சேலத்தில் மாவட்ட லீக்கில் ஆடும் கிளப் ஒன்றில் பேசுகிறேன். லெதர் பந்து போடாமல் எதுவும் ஆகாது.

அம்மா: பரீட்சை முடிந்த பிறகு. நன்றாகக் கேட்டுக்கொள்.

கவின்: சரிம்மா. பிரியாக்கா, இந்த நிறுத்துறதை அடுத்த திங்கள்கிழமையிலிருந்து வெச்சுக்கலாமா?

பிரியா அக்கா: ஏன்?

கவின்: ஞாயித்துக்கிழமை ஃபைனல் இருக்கு…

அம்மா: ஃபைனலா? என்னிடம் சொல்லவே இல்லையே!

பிரியா அக்கா: வேண்டுமானால் ஃபீல்டிங் நில். பந்தைத் தொட்டால் சித்தியிடம் சொல்லிவிடுவேன்.

கவின்: ஃபீல்டிங்குக்கு மட்டும்னா என்னை டீமிலேயே எடுக்க மாட்டாங்கக்கா 😭

சரவணன் மாமா: அது உண்மைதான், போன தடவை இரண்டு கேட்ச் விட்டான் 😂

தாத்தா: எத்தனை மணிக்கு ஃபைனல்