சொந்த நிலத்தில் மண் கரைக் குட்டை: உடைப்பு எங்கே விழுகிறது?

மேட்டுக்காடு:
சின்னக் கரை பெரும்பாலும் ரெண்டு விதமாப் போகும். உச்சி தாழ்ந்த இடத்துல தண்ணி ஏறி வழியும், இல்லேன்னா உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டுப் போகும். ரெண்டாவதுக்கு வைத்தியம் அடியில. கரை ஓடுற வாக்குல, நடுவுல 4, 5 அடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, கெட்டி மண் தட்டுற வரை இறக்கி, களிமண்ணால அடைக்கணும். புல்லு மேலேயே மண்ணைக் கொட்டினா அந்தப் புல் மக்கின வரியே தண்ணிக்கு வழி.

சரிவு, ஒரு அடி உயரத்துக்கு உள்பக்கம் மூணு அடி, வெளிப்பக்கம் ரெண்டு அடி. 10 அடி உயரம், மேலே 10 அடி அகலம்னா அடியில 60 அடி வேணும். இதைக் கேட்டதும் பலர் உயரத்தைக் குறைக்க மாட்டாங்க, சரிவைக் குறைப்பாங்க. அங்கேதான் கோளாறு.

அரை அடி மண் ஏற ஏற உருளை ஓடணும். மண்ணைப் பிடிச்சா உருண்டை நிக்கணும், விரல்ல ஒட்டக்கூடாது. ஹிட்டாச்சி பக்கெட்டால மேலாகத் தட்டுறது கணக்கில்ல. எப்படி இறுக்கினாலும் அமுங்கும். 10 அடிக்கு ஒரு அடி கூட்டிப் போடுங்க.

செவல்காட்டான்:
தண்ணி எடுக்கக் கரைக்குக் குறுக்கே குழாய் பதிக்கிறவங்களுக்கு: குழாயோட அடிவயித்துல உருளை ஏறாது. அங்கே ஈரக் களியைக் கையாலதான் இடிக்கணும். நடுவுல ரெண்டு இடத்துல குழாயைச் சுத்திக் காங்கிரீட் தடுப்பும் வேணும். வெளிச்சரிவுல கசிவு தெளிவா வந்தா கவனிச்சுக்கிட்டு இருங்க. கலங்கி வந்தா கரை மண்ணு வருதுன்னு அர்த்தம், அன்னிக்கே தண்ணியை இறக்கணும்.

கரையில மரம் வேண்டாம். பட்டுப்போன வேரும் எலி வளையும் ஒரே வேலையைத்தான் செய்யும். அருகு, வெட்டிவேர் போதும்.

ஓடைக்கரை:
குட்டை மேலே 100க்கு 100 அடி, 7 அடி ஆழம்னா, சரிவு போக ஏறக்குறைய 15 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு 2 அங்குலத் தண்ணி கட்ட 2 லட்சம் ஆகும். வெயிலும் கசிவும் பாதியைக் குடிச்சாலும் காயுற பயிருக்கு மூணு ஏக்கருக்கு ஒரு தண்ணி உண்டு. ஆடு மாடு உள்ளே இறங்கினா சரிவு சரியும், வெளியே தொட்டி கட்டுங்க. ஓடை புறம்போக்குல கரை போட்டுடாதீங்க, அது அரசாங்க இடம்.

மேட்டுக்காடு:
ஒண்ணு விட்டுப்போச்சு. கலிங்கை, அதாவது மிச்சத் தண்ணி வழியுற வாயை, கரையில வெட்டாதீங்க, பக்கத்து இயற்கைத் தரையில வெட்டுங்க. கட்லா, ரோகு விட்டவங்க மீன் போயிடும்னு அதுல வலை கட்டுவாங்க. முதல் வெள்ளத்துல சருகு வந்து அடைச்சா, தண்ணி கரை மேலதான் ஏறும்.