முழுநீளத் தப்பையா, பிளாச்சா?

தருமபுரியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். தையல் பயிற்சிக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். படகுப்பாய் தைப்பது பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் கடலில் போகும் இரட்டை உடல் படகுக்கு (ஆங்கிலத்தில் கேட்டமரான்) எந்தப் பாய் நாள்பட உழைக்கும் என்று ஒரு அத்தியாயம். துணியில் சிக்கலில்லை: நெருக்கி நெய்த பாலியஸ்டர், மூன்று வரிசைத் தையல், சுருட்டி வைக்கும் முன்பாயின் ஓரத்தில் வெயிலைத் தாங்க ஒரு பட்டை. பெரும்பாயின் பின்விளிம்பிலிருந்து பாய்மரம் வரை, தைத்த பைக்குள் செருகுகிறார்களே வளையும் குச்சி, அதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் பேட்டன். அது இருந்தால் பாய் படபடவென்று அடித்துக்கொள்வது குறையும், ஆயுள் கூடும். ‘விறைப்பான்’ என்று எழுதிவைத்தேன். எனக்கே பிடிக்கவில்லை.

பென்னாகரத்திலிருந்து:
ஒகேனக்கல் பரிசல்காரரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: பிளாச்சு. மூங்கிலைப் பிளந்து சீவி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால்தான் பரிசலுக்கு வட்டமே வருகிறது. ‘பிள’ என்ற வேரிலிருந்து நேராக வந்த சொல். வேறென்ன வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து:
பிளாச்சு பேச்சு வழக்கு. ‘தப்பை’ இருக்கும்போது அது எதற்கு? மூங்கில் பிளவும் தப்பைதான், எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டுவதும் தப்பைதான். விறைப்பாக நிறுத்துவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. அப்புறம், பாய் என்கிறீர்களே, அது படுக்கிற பாய். மதுரைக்காஞ்சியில் வங்கம், அதாவது கப்பல், வெள்ளை ‘இதை’ விரித்து வருகிறது; கப்பல் பாய்க்குப் பழைய பெயர் இதை. அந்தச் சொல்லை ஏன் மீட்கக் கூடாது?

ஓசூரிலிருந்து:
ஐயா, ‘இதை இழுத்துக் கட்டு’ என்றால் பயிற்சிக்கு வந்த பெண் ‘எதை?’ என்பாள். தப்பையும் அதே கதை. ‘தப்பைச் சரிபார்’ என்று எழுதினால் போட்ட தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைச் செருகும் பைக்கு என்ன பெயர்? தப்பைப்பை. மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். வாழையிலை மாதிரி ‘நரம்பு’ என்று வைத்தால் என்ன?

பென்னாகரத்திலிருந்து:
தூண்டில் போடுகிறவனுக்கு நரம்பு என்றால் நைலான் இழை. வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேட்டமரான் என்பதே நம்ம கட்டுமரம். வெள்ளைக்காரன் கொண்டுபோன சொல்லை வீட்டுக்குக் கூட்டி வராமல் ‘இரட்டை உடல் படகு’ என்று புதிதாக ஒட்டுப்போடுவானேன்?

ஓசூரிலிருந்து:
சொல் நம்முடையது, பொருள் மாறிவிட்டதே. கட்டுமரம் சில மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. தண்ணீர் இடுக்கில் ஏறி இடுக்கில் இறங்கும். இதிலோ இரண்டு தனித்தனி உடல், நடுவே தளம், உள்ளே படுக்கையறை. பாய்க்கும் இந்த வேறுபாடு முக்கியம். ஒற்றை உடல் படகு காற்று மிகுந்தால் சாய்ந்து கொடுக்கும், கொஞ்சம் காற்று வழிந்து போய்விடும். இது அவ்வளவாகச் சாயாது. அந்தச் சுமை பாயிலும் தையலிலும்தான் ஏறும். அதனால்தான் கனத்த துணி கேட்கிறார்கள், சாய்வைப் பார்க்காமல் காற்றின் வேகத்தைப் பார்த்துப் பாயைக் குறுக்கச் சொல்கிறார்கள். கட்டுமரம் என்று எழுதினால் படிப்பவர் மனதில் வேறு படம் விழும்.

பாலக்கோட்டிலிருந்து:
சரி. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து:
பேச்சு எங்கோ போகிறது. என் கேள்வி ஒன்றுதான். இப்போது அந்தக் குச்சி கண்ணாடியிழையில் வருகிறதாமே. கண்ணாடியிழையை எவர் பிளந்தார், பிளாச்சு என்று சொல்ல?

பென்னாகரத்திலிருந்து:
லாரி மேல் போர்த்துகிற தார்ப்பாயில் இன்றைக்குத் தார் எங்கே இருக்கிறது? பரிசலையே எடுங்கள். தோல் போய் பிளாஸ்டிக் சாக்கு வந்தது, பரிசல் பரிசல்தானே.

தருமபுரியிலிருந்து:
வியாழன் இரவு பதினொரு மணி. பிளாச்சுக்கு மூன்று பேர், தப்பைக்கு ஒருவர், நரம்புக்கு அதைச் சொன்னவரே இப்போது இல்லை. ‘பிளாச்சுப் பையின் முனையில் துணியை இரட்டையாக மடித்துத் தைக்கவும், பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிற்றில் உரசி முதலில் கிழிவது அங்கேதான்’ என்று எழுதிப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ‘எத்தனை அங்குலம் மடிக்கணும்?’ என்று கேட்டார். சொல்லுக்கு விளக்கம் கேட்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
அச்சாகட்டும். என் பிரதியில் மட்டும் பேனாவால் தப்பை எழுதிக்கொள்கிறேன்.