கண்டாங்கி எழுத்து தைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம், காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். டொரண்டோவில் படிக்கும் மகளுக்கு ஸ்வெட்ஷர்ட்டில் 'கண்ணு' என்று துணி எழுத்து வைத்துத் தைக்கிறேன். அவளுடைய அப்பத்தா அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுத்துக்கு வெட்டியதும் அப்பத்தாவின் பழைய அரக்குக் கண்டாங்கிச் சேலையைத்தான். கத்தரி வைக்கும்போது கை நடுங்கியது.

'க' நன்றாக வந்துவிட்டது. அடுத்த எழுத்தின் சுழியில்தான் சிக்கல். சேலைத்துணி இழுபடாது, ஸ்வெட்ஷர்ட் இழுபடும். ஜிக்ஜாக் தையல் ஓட்டினால் அடித்துணி அலை அலையாக எழும்புகிறது, ஓரமும் பிசிறுகிறது. 'ண்' மேல் வரும் புள்ளி சுண்டைக்காய் அளவுதான், ஊசிக்கு அடியில் நழுவிவிடுகிறது.

பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசி மாற்றிவிட்டேன். இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸை எழுத்தின் பின்னால் வைப்பதா, ஸ்வெட்ஷர்ட்டின் உள்பக்கமா? புள்ளியை மட்டும் கையால் தைத்தால் துவைப்புக்குத் தாங்குமா? தைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்தச் சேலையில் இன்னும் ஒரு முழம்தான் மிச்சம் இருக்கிறது.