இளையோர் நாவல்: 15 வயசுப் பிள்ளையின் வெகுளித்தனம் ஒட்டவே மாட்டேங்குது

கெடிலக்கரை:
முதல் வரைவு முடிந்தது. களம் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடு. 2011 டிசம்பர் 30, தானே புயல். செல்வி சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மரங்கள் சாய்கின்றன. தை மாசம் தரகர் வருகிறார்: ஸ்பின்னிங் மில், மூணு வருஷம், ஹாஸ்டல், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் (சுமங்கலித் திட்டம்). உள்ளே தோழி இறந்ததும்தான் செல்விக்கு உலகம் புரிகிறது. தன்மையில், இறந்தகாலத்தில் சொல்கிறேன். படித்தவர்களில் சிலர் ‘இவ்வளவு அப்பாவியா?’ என்கிறார்கள். சிலர் ‘கிழவி மாதிரி பேசுறா’ என்கிறார்கள். எங்கே திருத்துவது?

உப்பளத்தான்:
ரெண்டு புகாருக்கும் வேர் ஒண்ணுதான். கதை சொல்ற செல்விக்கு முடிவு தெரியும். ‘அப்போது தெரியவில்லை’, ‘பின்னாளில்தான் புரிந்தது’ இதையெல்லாம் கோப்பில் தேடி வெட்டுங்க. அப்பவும் சரியா வரலைன்னா படர்க்கைக்கு மாத்துங்க, ஆனா அவ கண்ணுக்குப் படாதது எதுவும் கதையில் வரக்கூடாது.

அடுத்தது, அவ போடுற கணக்கு அவளுக்குச் சரியா இருக்கணும். முந்திரி ஒட்டுக்கன்று நட்டா மூணாம் வருஷம்தான் காய்ப்புக்கு வரும். மில்லிலும் மூணு வருஷம். ‘மரம் காய்க்கிறப்ப நான் வந்துடுவேன்’னு அவ சொன்னா அந்த ஊர்ப் பிள்ளையை யாரும் முட்டாள்னு சொல்ல மாட்டாங்க. படிக்கிறவருக்குத்தான் வயிறு கலங்கும்.

தடயம் ஒரு காட்சிக்கு ரெண்டு போதும். தரகர் ‘வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லு’ங்கிறார், தன்னைப் பெரியவளா மதிக்கிறார்னு இவ பூரிச்சுப் போறா. மூணாவதா ஒண்ணு வைச்சீங்கன்னா ‘இதைக்கூடவா கவனிக்கல?’னு கேட்பாங்க.

பலாக்கொட்டை:
படர்க்கை வேண்டாம், அவ குரல்தான் நாவலே. கிழவித்தனம் வர்றது ‘சுரண்டல்’, ‘சமூகம்’ மாதிரி சொற்களால. அவங்கம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்கன்னா ஓட்டிலிருந்து வர்ற பால் பட்டு விரல் கருத்துத் தோல் உரிஞ்சிருக்கும். அப்போ கடன், வட்டி, கூலி எல்லாம் செல்விக்கு அத்துப்படி. மனுஷங்க சிரிச்சுக்கிட்டே ஏமாத்துவாங்கங்கிறது மட்டும்தான் தெரியாது. தெரிஞ்சது, தெரியாதது ரெண்டையும் ஒரு தாளில் எழுதி வச்சுக்கிட்டு வசனங்களைத் திருத்துங்க.

தோழியைக் கொல்லாதீங்க. இந்த வகை நாவல்ல நாயகி விழிக்கணும்னா ஒரு சின்னப்பிள்ளை செத்தே ஆகணும்னு என்ன கட்டாயமோ! புதுசா வந்த பொண்ணுகிட்ட ‘இங்க நல்லாத்தான் பாத்துக்குவாங்க’ன்னு செல்வி தெரிஞ்சே பொய் சொல்லட்டும், வார்டன் பக்கத்திலேயே நிக்கிறதால. அந்த வசனத்தோட அத்தியாயத்தை நிறுத்துங்க, விளக்கம் போடாதீங்க.

கெடிலக்கரை:
பொய் பிடித்திருக்கிறது. ஆனால் சூப்பர்வைசர் அறையில் நடப்பதைக் காட்டவே வேண்டாமா?

உப்பளத்தான்:
கதவு வரைக்கும் போங்க, பிறகு மறுநாள் ஷிஃப்டில் தொடங்குங்க. பிள்ளையோட உடம்பை வர்ணிக்கவே கூடாது. அவ கை என்ன செய்யுது, எந்த வேலையில் தடுமாறுது, யார் கூப்பிட்டா திரும்பல, அது போதும்.

அப்புறம் தானே புயல் கரையைக் கடந்தது காலை ஏழு மணியை ஒட்டி. சாயங்காலப் பள்ளிக்கூடத்தை எடுத்துடுங்க.