18 பெண்கள், மூணு நாள்: காரைக்குடிப் பக்கம் தங்க இடம் வேணும்

செட்டிநாட்டு ஆச்சிகளுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம். மகளிர் குழு நடத்துறவங்க, பஞ்சாயத்து வார்டு உறுப்பினர்கள், ஊருக்குள்ள மதுக்கடை வேண்டாம்னு உட்கார்ந்தவங்கன்னு 18 பேர் மார்கழியில அங்க வர்றோம். சுற்றுலா இல்ல, படிக்க வர்றோம்.

முக்கியமான நாள் புதுக்கோட்டைக்கு. (அது செட்டிநாடான்னு சண்டைக்கு வராதீங்க!) 1990-களின் தொடக்கத்துல அறிவொளிங்கிற எழுத்தறிவு இயக்கத்துல எழுத்தோட சைக்கிளும் கத்துக்கிட்ட பெண்கள் இப்ப பாட்டிகளா இருப்பாங்க. கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினவங்களும் உண்டு. அவங்க வாயாலயே கேக்கணும். 1886-ல முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊரும் அதுதானே. யாருக்காவது அந்தப் பாட்டிகளைத் தெரியுமா?

அடுத்தது தங்குற இடம். பங்களா ஓட்டல் வாடகை எங்களுக்குக் கட்டாது. மார்கழியில கல்யாணம் இருக்காது, பூட்டிக் கெடக்குற வளவு வீடு (நடுவுல முற்றம் வச்ச பழைய பெரிய வீடு) ஒண்ணு கிடைச்சா ஆத்தங்குடிக் கல்லுத் தரையில பாய் விரிச்சுப் படுத்துக்குவோம். கழிப்பறை மட்டும் குறைஞ்சது நாலு வேணும். போன தடவை வேற ஊர்ல ஒண்ணே ஒண்ணு, விடிகாலை மூணு மணிக்கே வரிசை!

பனை ஓலைக் கொட்டான் முடையுற ஆச்சி யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் குடுத்தா ரொம்பச் சந்தோஷம். வேன் எங்களோடது. தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல வாங்க.