தோடர் மொழியை ஏற்காட்டில் இருந்தபடியே கற்க முடியுமா?

மலைவாசி (ஏற்காடு):
அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நீலகிரியில் ஆயிரத்துச் சொச்சம் பேரே பேசும் தோடர் மொழியைக் கற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மொழியியல் அறிஞர் எமனோ 1984இல் வெளியிட்ட தோடர் இலக்கண நூலின் நகல் கையில் இருக்கிறது. ஆனால் அடிக்கடி உதகைக்குப் போய்வர விடுப்புக் கிடைக்காது. நூலை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? முன்பின் தெரியாத ஒருவன் மந்துக்கு, அதாவது தோடர்களின் குடியிருப்புக்குப் போய் மொழி கற்பிக்கக் கேட்டால், அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

எழுத்தாணி (செவ்வாய்ப்பேட்டை):
இலக்கணத்தை நூலிலிருந்து பெறலாம். ஒலிகளைப் பெற முடியாது. திராவிட மொழிதானே, தமிழ் தெரிந்தால் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். ரகர றகர வேறுபாட்டையே நாம் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிட்டோம். தோடர் மொழியிலோ நா அதிர்ந்து பிறக்கும் ரகர ஒலிகள் அண்ணத்தின் மூன்று இடங்களில் தனித்தனியே பிறந்து, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சொன்னால் பொருளே மாறிவிடும் அளவுக்கு வேறுபடுகின்றன. லகர ளகரங்களுக்கும் குரல் சேராமல் வெறும் மூச்சாக ஒலிக்கும் இணைகள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் காப்பகத்தில் தோடர் ஒலிப்பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. முதலில் அவற்றைக் காது பழகும் வரை கேளுங்கள். வாயைத் திறப்பது பிறகு இருக்கட்டும்.

நெசவுமகள் (அம்மாபேட்டை):
உங்கள் இரண்டாவது கேள்விக்கு, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவள் என்ற முறையில் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் நாங்கள் 2,47,702 பேர். ஆகவே தோடர்களின் நிலையோடு எங்களை ஒப்பிட முடியாது. ஆயினும், எங்கள் மொழியைக் கற்க விரும்பி வந்த ஒருவரிடம் தறிக்கு அருகில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த என் பாட்டி, அவர் நோட்டை எடுத்துச் சொல் சொல்லாகக் கேட்டு எழுதத் தொடங்கியதும் வாயடைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள், ஐயா. அவர்கள் எருமைகளைப் பார்த்துக்கொள்ளும்போதோ பூத்தையல் போடும்போதோ, அனுமதி கேட்டு உடன் இருங்கள். பேச்சு தானாக வரும். ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுப்பது அவர்கள் சம்மதித்த பிறகுதான்.

கடலோடி (ஃபேர்லேண்ட்ஸ்):
இருவர் சொன்னதும் சேர்ந்தே நடக்க வேண்டியவை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவின் மாங்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்களில் கடைசியானவராகக் கருதப்படும் நெட் மாட்ரெல் 1974இல் இறந்தார். அதற்குள் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1948இல் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்திருந்தது. உள்ளூர் ஆர்வலர்களும் அந்த முதியவர்களின் வீடுகளுக்கே சென்று பேசிப் பழகியிருந்தார்கள். அப்படிப் பழகியவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்பித்ததால்தான், 2001இல் அம்மொழி வழியிலேயே பாடம் நடத்தும் தொடக்கப் பள்ளியை அங்கே திறக்க முடிந்தது. உங்களுக்கு என் யோசனை: விடுப்பைச் சில்லறையாகச் செலவழிக்காமல் சேர்த்துவைத்து, ஒரே தடவையாகப் போய்த் தங்குங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம். சுற்றுலாக் கூட்டத்தில் உங்களையும் வேடிக்கை பார்க்க வந்தவராகவே நினைப்பார்கள்.