புதுப்பிப்பு: டர்ன்டேபிள் வாங்கியாச்சு

இசைத்தட்டு ஒலிக்கும் டர்ன்டேபிளாக ரேகா (Rega) பிளானார் 3 வாங்கலாமா, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜிஆர் வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். டெக்னிக்ஸ் வாங்கிவிட்டேன். பொறுமையாகப் பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேட்டேன். ரேகாவின் ஒலியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதன் ஆர்பி330 டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) அருமை. ஆனால் என்னிடம் 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) இசைத்தட்டுகள் நிறைய. ரேகாவில் வேகம் மாற்ற, கண்ணாடித் தட்டைத் தூக்கிவிட்டு பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். டெக்னிக்ஸில் ஒரு பொத்தான் போதும். மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் என்பதால் பெல்ட் தளர்ந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பியானோவின் நீண்ட சுரங்கள் துளியும் தள்ளாடாமல் நிற்கின்றன. என்னை மயக்கியது அதுதான். டோன்ஆர்மின் உயரத்தைச் சுழற்றியே மாற்றலாம். பின்னால் வேறு கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய பகுதி) போடும்போது இது பெரிய உதவி.

இப்போதைக்குப் போட்டிருப்பது ஆர்டோஃபோன் 2எம் புளூ கார்ட்ரிட்ஜ், ஊசி அழுத்தம் 1.8 கிராம். இதை அளக்க ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள், கண்ணளவை நம்பாதீர்கள்.

அப்புறம், மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் போடச் சொன்ன நண்பருக்கு: ஆசை இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே தரும். அந்தச் சன்னமான சிக்னலை 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். என்னுடையது 40தான். முதலில் அதை மாற்றுகிறேன்.